இருமல் இல்லாத கச்சேரி

வாசகர் ஒருவர் கேட்டது:

"சபாவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வீட்டில் நல்ல ஹெட்போன் இருக்கிறது. ஸ்டுடியோவில் பதிவான பாட்டில் இருமல் இல்லை, செல்போன் மணி இல்லை, மைக் ஊளையிடுவதில்லை, முன்வரிசையில் தப்பாகத் தாளம் போடுகிறவர் இல்லை. பாடகர் திரும்பத் திரும்பப் பாடி, திருப்தியானதைத்தான் வெளியே விட்டிருக்கிறார். பிறகு எதற்காக நேரில் போய்க் கேட்க வேண்டும்? பழக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் உண்டா?"

9 டிசம்பர் 2023, இரவு

உண்டு. நான் மிருதங்கம் வாசிக்கிறவன். திருச்சி. மேடையேறி முப்பத்தைந்து வருஷம் ஆகிறது. என் பதில் எந்தப் பக்கம் சாயும் என்று இதிலேயே தெரிந்திருக்கும்.

ஸ்டுடியோவில் மனோதர்மம் நடக்காது. மனோதர்மம் என்றால் அந்த நேரத்தில் தோன்றுவதைப் பாடுவது. ஏற்கெனவே அமைந்த பாட்டான கிருதி நடக்கும், அதன் வரிகளை மெருகேற்றும் சங்கதிகள் சுத்தமாக வரும். ஆனால் ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் பாடகர் அந்த வரியை நாலாவது தடவை எடுக்கிறார் என்றால், மூன்றாவது தடவை எதிரே யாரோ ஒருவர் தலையை ஆட்டியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தலை இல்லையென்றால் நாலாவது தடவையும் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

அளந்தும் பார்த்திருக்கிறேன். ஒரே பாடகர், ஒரே கிருதி, ஏறக்குறைய ஒரே வருஷம், இரண்டு பதிவுகள் என்னிடம் இருக்கின்றன. ஒன்று ஸ்டுடியோ கேசட். மற்றது சபாவில் ரசிகர் ஒருவர் மடியில் டேப்ரிகார்டரை வைத்துக்கொண்டு எடுத்தது. ஆதி தாளம், ஒரு களை. பல்லவி தொடங்கியதிலிருந்து பத்து ஆவர்த்தனங்களை (தாளச் சுற்றுகளை) ஸ்டாப்வாட்சில் பிடித்தேன். கேசட்டில் 80 விநாடி. சபாவில் 75. கூட்டம் எதிரே இருந்தால் காலப்பிரமாணம், அதாவது பாட்டின் வேகம், சூடு பிடிக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

10 டிசம்பர்

"அஞ்சு விநாடிக்காகவா பஸ் ஏறிப் போகச் சொல்கிறீர்கள்" என்று கேள்வி கேட்டவரே திருப்பிக் கேட்டிருக்கிறார். சரியான இடத்தில்தான் பிடித்திருக்கிறார். யோசிக்கிறேன்.

நேற்று ராத்திரி மதுரை மணி ஐயர் கச்சேரி ஒன்றைப் போட்டுக் கேட்டேன். அவர் 1968-ல் போய்விட்டார். அவரை நேரில் கேட்கும் பாக்கியம் எனக்கு இல்லை. அவருடைய பாட்டு என்று இன்றைக்கு நாம் கேட்பதில் பெரும்பகுதி ரசிகர்கள் கச்சேரியில் பிடித்து வைத்த டேப்தான். இந்தப் பதிவில் ஸ்வரம் பாடிக்கொண்டே வரும்போது எங்கேயோ ஒரு குழந்தை அழுகிறது. எத்தனை தடவை போட்டாலும் அதே இடத்தில் அழுகிறது. அந்த அழுகையை எடுத்துவிட்டு யாராவது கொடுத்தால் நான் வாங்க மாட்டேன். அது எந்த ஊர்க் குழந்தையோ. இருந்தால் அறுபது வயதைத் தாண்டியிருக்கும்.

11 டிசம்பர்

முந்தாநாள் எழுதியதைத் திருத்த வேண்டும். "ஸ்டுடியோவில் மனோதர்மம் நடக்காது" என்று ஒரேயடியாக எழுதிவிட்டேன். கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர் ஒரே வரியில் கேட்டார்: "ராஜரத்தினம் பிள்ளையின் தோடித் தட்டு எங்கே போச்சு தம்பி?"

வாயடைத்துப் போனேன். நாகஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை சுவாமி புறப்பாட்டில் தோடி ராகத்தை மணிக்கணக்கில் வாசித்தவர். அந்த மனுஷரை ஒரு அறைக்குள் உட்காரவைத்து, இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே, மறுபக்கம் அதே அளவு, அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் கிருதி வாசிக்கவில்லை, ஆலாபனைதான் வாசித்தார். முழுக்க மனோதர்மம். தட்டைத் திருப்பிப் போடும் அந்த இடைவெளியில்கூட ராகம் நிற்காது, கேட்கிறவன் காதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனையோ நாகஸ்வரக்காரர்களும் வாய்ப்பாட்டுக்காரர்களும் அந்தத் தட்டை வைத்துத்தான் தோடியைப் பழகினார்கள்.

மூன்று நிமிஷத் தட்டுக் காலத்துப் பாடகர்களைப் பற்றி நம்மில் பலருக்கு ஒரு இளக்காரம் உண்டு. எனக்கும் இருந்தது. குறுக்கிப் பாடினார்கள், அவசரமாகப் பாடினார்கள் என்று நினைத்திருந்தேன். ஆனால் ஒரு ராகத்தின் முகத்தை இருபது விநாடியில் காட்டிவிட்டுப் பாட்டுக்குள் போவது லேசுப்பட்ட வித்தை இல்லை. பாடகர் ஜி.என். பாலசுப்ரமணியத்தின் ஆரம்ப காலத் தட்டுகளைப் போட்டுப் பாருங்கள். முதல் பிருகாவிலேயே, அந்த வேகச் சுரச் சுழற்சியிலேயே, ராகம் நிற்கும். நாற்பது நிமிஷம் கொடுத்தாலும் முகம் காட்டாத ஆலாபனைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

13 டிசம்பர், அதிகாலை

தூக்கம் வரவில்லை. பெரிய தப்பு செய்திருக்கிறேன்.

பெங்களூரிலிருந்து வயலின் வாசிக்கும் ஒரு பெண் கேட்டிருந்தார்: "நீங்கள் சொல்லும் சபா டேப்பில் பாடகர் என்ன சுருதியில் பாடுகிறார் என்று பார்த்தீர்களா மாமா?" பார்த்தேன். தம்பூரா செயலியை வைத்துப் பிடித்தால் ஒன்றரைக் கட்டை. கட்டை என்பது சுருதியின் அளவு. அந்தப் பாடகர் வாழ்நாள் முழுக்க ஒரு கட்டையில் பாடியவர். ஸ்டுடியோ கேசட்டிலும் ஒரு கட்டைதான்.

அன்றைக்கு மட்டும் அரைக் கட்டை ஏற்றிப் பாடியிருக்க மாட்டார். டேப்தான் வேகமாக ஓடுகிறது. மடியில் வைத்த பெட்டியில் பேட்டரி இறங்கியிருந்தால் பதிவாகும்போது டேப் மெதுவாக நகரும். பிறகு அதை ஒழுங்கான கருவியில் போட்டால் எல்லாம் வேகமாக ஓடும், சுருதியும் ஏறும். அரைக் கட்டை ஏற்றம் என்றால் வேகத்தில் கிட்டத்தட்ட நூற்றுக்கு ஆறு. 75 விநாடியை அந்தக் கணக்கில் திருத்தினால் 79½ வருகிறது. ஸ்டுடியோவில் 80.

அதாவது இரண்டும் ஒன்று. கூட்டத்தால் வந்த சூடு என்று நான் சொன்னது பேட்டரியால் வந்தது.

பத்து வருஷமாக அந்த டேப்பைக் கேட்கிறேன். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையை எந்தச் சுருதிக்குச் சேர்ப்பது என்பதுதான் என் பிழைப்பு. அரைக் கட்டை ஏறியிருப்பது எனக்குக் கேட்கவில்லை. கச்சேரி என்றால் சூடாகத்தான் இருக்கும் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கேட்டிருக்கிறேன். இதை மறைக்க விரும்பவில்லை. மேலே எழுதியதை அழிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

13 டிசம்பர், மாலை

டேப்பின் வேகத்தைக் கணினியில் சரிசெய்து, முழுசாக மறுபடி அளந்தேன். தொடக்கத்துப் பத்து ஆவர்த்தனங்கள் மேலே சொன்னபடி ஒன்றேதான். சரணத்தின் கடைசிப் பத்து ஆவர்த்தனங்களையும் பிடித்தேன். ஸ்டுடியோவில் அங்கேயும் 80. சபாவில், திருத்திய பிறகும், 75.

அந்த ஐந்து விநாடி கடைசியில் கிடைத்துவிட்டது, ஆனால் வேறு இடத்தில். கச்சேரியில் பாட்டு நடக்க நடக்கக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்ந்திருக்கிறது. பக்கவாத்தியக்காரன் கண்ணோடு பார்த்தால் இது குறையும்தான். காலப்பிரமாணம் ஓடக்கூடாது என்று என் குரு தொடையில் தட்டிச் சொல்லிக் கொடுத்தார். ஸ்டுடியோக் கேசட்டில் குறையே இல்லை. எனக்கு எது பிடித்திருக்கிறது என்று கேட்டால் சபா டேப்தான். ஏன் என்று இன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. முந்தாநாளாக இருந்தால் உடனே ஒரு காரணம் எழுதியிருப்பேன்.

18 டிசம்பர்

ஸ்டுடியோவில் என்னதான் நடக்கும் என்று இரண்டு பேர் கேட்டார்கள். என் கதையைச் சொல்கிறேன்.

1996. சென்னையில் ஒரு ஸ்டுடியோ. எட்டு உருப்படி, ஒரே நாள். பாடகரும் வயலின்காரரும் பெரிய அறையில். மிருதங்கத்தின் சத்தம் பாடகரின் மைக்கில் ஒழுகும் என்று என்னை மட்டும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்தார்கள். காதில் ஹெட்போன். பாடகரின் முதுகும் இடது தோளும் தெரியும். முகம் தெரியாது, தாளம் போடும் கையும் தெரியாது. முப்பது வயதுக்குள் ஆயிரம் கச்சேரி வாசித்தவனுக்கும் அது முதல் நாள் பள்ளிக்கூடம்தான். கச்சேரியில் நாங்கள் காதால் மட்டும் வாசிப்பதில்லை. அடுத்த வரியைத் திருப்பப் போகிறாரா, மேலே போகப் போகிறாரா என்பது பாடகரின் முகவாயில் அரை விநாடி முன்னாலேயே தெரியும். அந்த அரை விநாடி எனக்கு இல்லை.

அடுத்தது ஏ.சி. குளிர்ந்த அறையில் காற்று உலர்ந்து தோல் இறுகும், வலந்தலையின் சுருதி ஏறும். ஒவ்வொரு உருப்படிக்கும் நடுவே கல்லை எடுத்துத் தட்டி இறக்க வேண்டியிருந்தது. இடது முகமான தொப்பியில் ஒட்டிய ரவை காய்ந்துகொண்டே இருந்தது. அது காய்ந்தால் தொப்பியின் கனம் போய்விடும். அடிக்கடி ஈர விரலால் அழுத்திப் பதமாக்கினேன்.

ஐந்தாவது உருப்படியை ஏழு தடவை எடுத்தார்கள். மூன்றாவது தடவை முதல் பாதி பிரமாதம், சரணத்தில் பாடகருக்கு ஒரு வார்த்தை தடுக்கியது. ஏழாவது தடவை பின்பாதி நன்றாக அமைந்தது. அனுபல்லவியின் கடைசியில் அவர் மேல் ஷட்ஜத்தில் நிற்கும் இடத்தில் இரண்டையும் வெட்டி ஒட்டினார்கள். ஒட்டும்போது நான் அங்கே இல்லை. அடுத்த மாதம் கேசட் கைக்கு வந்தபோதுதான் கேட்டேன்.

மூன்றாவது தடவையில் நான் அந்த இடத்துக்கு ஒரு மோரா, அதாவது மூன்று தரம் வரும் முடிவுச் சொற்கட்டு, வைத்திருந்தேன். ததிங்கிணதொம், மூன்று தரம், முடிந்ததும் எடுப்பு, அதாவது பல்லவி தொடங்கும் இடம். கேசட்டில் இரண்டு தரம்தான் இருக்கிறது. மூன்றாவது வர வேண்டிய ஒன்றேகால் அட்சரத்தில் மிருதங்கமே இல்லை. பிறகு எடுப்பில் தொப்பியில் ஒற்றைக் கும்கி, கை அழுத்தி இழுக்கும் கனத்த நாதம். ஏழாவது தடவையில் சரியாக அந்த நேரத்தில்தான் நான் கையை எடுத்து ரவையை அழுத்திக்கொண்டிருந்தேன். எடுப்புக்கு மட்டும் கும்கியைக் கொடுத்தேன். தொப்பியின் நாதமும் அந்த இடத்தில் ஒரு படி மாறும். முன்னதில் காய்ந்த ரவை, பின்னதில் ஈர ரவை.

யாருக்கும் தெரியாது என்று பாடகர் சொன்னார். அவர் சொன்னது சரி, இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் அந்தக் கேசட்டை நான் இரண்டாவது தடவை போடவில்லை. என் பெயர் போட்டு, நான் வாசிக்காத ஒன்று அதில் இருக்கிறது.

19 டிசம்பர்

ரவை என்றால் உப்புமா ரவைதானா என்று கேட்டவருக்கு: ஆமாம், அதே ரவைதான். தண்ணீரில் பிசைந்து கச்சேரிக்கு முன்னால் தொப்பியின் நடுவில் ஒட்டுவோம், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவோம். வலந்தலையில் நீங்கள் பார்க்கும் கறுப்பு வேறு, அது நிரந்தரம். சபா கேன்டீனுக்கும் மேடைக்கும் பொதுவான ஒரே சரக்கு ரவைதான் என்று என் குரு சொல்வார்.

22 டிசம்பர்

கேள்வி கேட்டவர் இப்போது விடாப்பிடியாக இருக்கிறார்: "உங்கள் கதையில் தப்பு ஏ.சி.யுடையதும் கண்ணாடியுடையதும். ஸ்டுடியோவின் தப்பு இல்லையே?"

இதைப் படித்ததும் வானொலி ஞாபகம் வந்தது. ஏன் இத்தனை நாள் வரவில்லை என்று தெரியவில்லை. திருச்சி வானொலி நிலையம் 1939-லிருந்து இருக்கிறது. எங்கள் தெருவில் கச்சேரி என்றால் முதலில் அதுதான். அப்பா வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். 1952-ல் தொடங்கிய தேசிய நிகழ்ச்சி, சனிக்கிழமை இரவு ஒன்றரை மணி நேரம். அதைக் கேட்டே ராகம் அடையாளம் கண்டவர்கள் எத்தனை பேர்.

வானொலிக் கச்சேரி எந்தக் கணக்கில் சேரும்? நடப்பது ஸ்டுடியோவில். எதிரே ஒரு ஆள் கிடையாது. ஆனால் நேரடி ஒலிபரப்பு என்றால் சிவப்பு விளக்கு எரிந்த பிறகு திரும்ப எடுப்பது கிடையாது, வெட்டுவது ஒட்டுவது கிடையாது. தொண்டை கட்டினால் கட்டினதுதான். நானே அங்கே பலமுறை வாசித்திருக்கிறேன். என் வாழ்க்கையின் நல்ல வாசிப்புகளில் இரண்டு மூன்று அந்த அறையில் நடந்தவை. கூட்டம் இல்லை, கைதட்டல் இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே ஜமக்காளத்தில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்போம். ரசிகர் இல்லாத குறைக்குப் பாடகருக்கு நான் ரசிகன், எனக்கு வயலின்காரர். வாய்க்குள் "பலே" சொல்லிக்கொள்வோம். அதுவும் ஒலிபரப்பில் போகும்.

ஆகவே 9-ஆம் தேதி நான் சொன்ன "எதிரே ஆடும் தலை" ஆயிரம் பேராக இருக்க வேண்டியதில்லை. ஒன்று போதும். வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஜார்ஜ் டவுனில் தன் வீட்டில் வாசிப்பார். கேட்கப் போனவர்கள் மூச்சு விடவும் யோசித்து உட்கார்ந்திருப்பார்களாம், வீணை அவ்வளவு மெல்லியது. அதைக் கச்சேரி இல்லை என்று யார் சொல்ல முடியும்? எனக்கு 1996-ல் இல்லாமல் போனது கூட்டம் இல்லை, முகம்.

23 டிசம்பர்

நேற்று எழுதியதில் ஒரு ஓட்டை. ராஜரத்தினம் பிள்ளைக்குத் தட்டு எடுக்கும்போது யார் முகம் இருந்தது? தவில்காரர் பக்கத்தில் இருந்திருப்பார், சரி. ஆனால் சிலருக்கு முகமே வேண்டாம் போலிருக்கிறது. அவர்கள் உள்ளேயே கேட்டுக்கொள்கிறார்கள். என்னால் முடியாது என்பதற்காக யாராலும் முடியாது என்று எழுதக் கூடாது.

27 டிசம்பர், மதியக் கச்சேரி முடிந்து

சபாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன், இதையும் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பாடியது இருபத்திரண்டு வயதுப் பெண், அருமையான குரல். பைரவி ராகத்தில் பிரதானப் பாட்டு. தாளவாத்தியம் மட்டும் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் ஐந்தாவது வரிசையிலிருந்து எழுந்து போக ஆரம்பித்தார்கள். நான் தலையைக் குனிந்து வாசிப்பவன், ஆனால் நாற்காலி மடங்கும் சத்தம் கேட்கும். பட், பட், பட். ஒரு கோர்வை முடித்து நிமிர்ந்தபோது பாதி ஹால் காலி. தனிக்குக் காப்பி குடிக்கப் போவது நெடுநாள் வழக்கம், கோபித்துப் பயனில்லை, ஆனாலும் ஒவ்வொரு தடவையும் வலிக்கிறது.

ஸ்டுடியோவில் இந்த வலி இல்லை, ஏனென்றால் தனி ஆவர்த்தனமே இல்லை. கேசட்டில் இடம் போதாது என்பார்கள். கேசட் போய் சி.டி. வந்தது, 74 நிமிஷம். அதிலும் இடம் போதவில்லை. எழுபத்தெட்டுச் சுழற்சித் தட்டில் மிருதங்கக்காரர் பெயரே பெரும்பாலும் லேபிளில் இருக்காது. யார் வாசித்தார்கள் என்று இன்றைக்கும் ஊகித்துக்கொண்டிருக்கிறோம்.

மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயர் மைக்கே வேண்டாம் என்று நின்றவர். மைக் வழியாக வரும் மிருதங்கம் மிருதங்கத்தின் நாதம் இல்லை என்பது அவர் கட்சி. சின்ன வயதில் இது வீண் பிடிவாதம் என்று எனக்குத் தோன்றியது. இப்போது மதிய நேரத்தில், ஸ்பீக்கரிலிருந்து தகரம் போல என் தொப்பியே திரும்பி என் காதில் விழும்போது அவரை நினைத்துக்கொள்கிறேன். வாசகர் சொன்ன மைக் ஊளை உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

2 ஜனவரி 2024

மேற்கத்திய சாஸ்திரிய இசையில் இந்தத் தகராறு உண்டா என்று ஒருவர் கேட்டிருந்தார். உண்டு, நம்மைவிடக் கடுமையாக. என் மருமகன் பியானோ கற்றவன், அவன் தயவில் கொஞ்சம் தெரியும்.

கனடாவின் பியானோக்காரர் கிளென் கூல்ட் 1964-ல், 31 வயதில், மேடையை அடியோடு விட்டார். 1982-ல் சாகும்வரை ஸ்டுடியோவில்தான் வாசித்தார். ஒரு தடவை வாசித்ததில் பாதி, இன்னொரு தடவை வாசித்ததில் பாதி என்று ஒட்டுவதை அவர் மறைக்கவே இல்லை, அதுவும் கலைதான் என்றார். பாக் என்ற ஜெர்மன் இசையமைப்பாளரின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை 1955-ல் வாசித்தது 38 நிமிஷத்துச் சொச்சம், 1981-ல் வாசித்தது 51 நிமிஷம். சில பகுதிகளைப் பிந்தியதில் திருப்பி வாசித்தார், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆனாலும் அந்த நிதானம் கூட்டத்தின் முன்னால் வந்திருக்குமா என்று யோசிக்கிறேன்.

அவருக்கு நேர் எதிர் ருமேனியாவில் பிறந்த இசை நடத்துநர் செர்ஜு செலிபிடாக்கே. 1979 முதல் மூனிக் நகர இசைக்குழுவை நடத்தியவர். தட்டுப் போடவே மாட்டேன் என்றார். இசை அந்த அறையில் அந்த நேரத்தில் மட்டும் நடப்பது, தட்டில் அது இருக்காது என்று அவர் நம்பினார். 1996-ல் அவர் இறந்த பிறகு குடும்பத்தாரின் சம்மதத்தோடு அவருடைய கச்சேரிப் பதிவுகள் தட்டுகளாக வந்தன. அவரை நான் அறிந்ததே அந்தத் தட்டுகளால்தான்.

3 ஜனவரி

வேறு விஷயம்தான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாடகர் பெரிய ஊதுகுழலுக்குள் பாடிப் பதிவு செய்த காலத்தில், நிறையத் தட்டுகள் கொடுத்தவர் கோயம்புத்தூர் தாயி. மின்சார மைக் பதிவுக்கு வந்தது 1925-க்குப் பிறகு. அதற்கு முன்னால் தாளவாத்தியம் ஊதுகுழலில் ஒழுங்காக ஏறாது.

மோரீஸ் தெலாழ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர் 1912-ல் இந்தியா வந்தார். தாயியின் தட்டு அவர் மனசைப் பிடித்துக்கொண்டது. அதை வைத்து 'ராகமாலிகா' என்று பாட்டும் பியானோவுமாக ஒன்று எழுதினார். அதில் பியானோவின் கீழ் ஸ்தாயித் தந்தி ஒன்றின் அடியில் அட்டைத் துண்டைச் செருகச் சொல்கிறார். அப்படிச் செய்தால் அந்தச் சுரம் மொத்தென்று நம் ஊர்க் கொட்டு மாதிரி விழும். பாரீஸில் ஒரு மனுஷன் கரகரத்த தட்டுக்குள்ளிருந்து கொட்டைத் தேடி எடுத்து, அதற்கு அட்டை வைத்திருக்கிறான். தட்டில் ஒன்றுமே வராது என்று நான் எப்படிச் சொல்வேன்?

11 ஜனவரி

கேள்வி கேட்டவர் ஒரு வாரமாகக் காணோம். திருவையாற்று ஆராதனைக்குப் போகப் போவதாக இன்று எழுதியிருக்கிறார். "கேட்க இல்லை, பார்க்க" என்று சேர்த்திருக்கிறார். சந்தோஷம்.

2020 மார்கழியைப் பற்றி யாருமே இங்கே பேசவில்லை. சபாக்கள் மூடியிருந்தன, கச்சேரிகள் இணையத்தில் நடந்தன. நானும் ஒன்றில் வாசித்தேன். பெரிய ஹால், எண்ணூறு நாற்காலி, ஒரு தலை இல்லை. மூன்று கேமராக்கள். பாட்டு முடிந்ததும் பாடகர் பழக்கத்தில் கும்பிட்டார். ஒரு சத்தமும் இல்லை. ஒலிப்பதிவுக்காரர் முகக்கவசத்தோடு தூரத்தில் கட்டை விரலைக் காட்டினார். வானொலியில் வராத சங்கடம் அங்கே வந்தது. வானொலி அறை எங்கள் நாலு பேருக்கென்று கட்டிய சின்ன அறை. இது கூட்டத்துக்கென்று கட்டிய இடம், அதனால் இல்லாமை நாற்காலி நாற்காலியாகத் தெரிந்தது. அன்றைக்குத் தனியின்போது யாரும் எழுந்து போகவில்லை. அந்தச் சத்தத்துக்குக்கூட ஏங்கினேன்.

28 ஜனவரி

நேற்று நடந்ததை எழுதாவிட்டால் இந்த இழை முடியாது.

டொரொண்டோவில் பத்தொன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு இணையத்தில் மாதம் இரண்டு பாடம் எடுக்க ஒப்புக்கொண்டேன். பெற்றோர் யாழ்ப்பாணத்துக்காரர்கள். நேற்று முதல் பாடம். உனக்குப் பிடித்த ஒன்றை வாசித்துக் காட்டு என்றேன். ஒரு கிருதிக்கு வாசித்தான், பாட்டை அவனே வாய்க்குள் முனகிக்கொண்டு. அனுபல்லவி முடிவில் ததிங்கிணதொம், ததிங்கிணதொம், பிறகு கை தரையில். ஒன்றேகால் அட்சரம் அப்படியே விட்டான். எடுப்பில் ஒரு கும்கி, கனமாக, ஈர ரவையில் விழுவது போல.

எனக்கு உடம்பு ஒரு தரம் ஆடிவிட்டது. இதை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன்.

"உங்கட கேசட் சேர். அப்பா வச்சிருந்தவர். மூண்டாந்தரம் வாசிக்காமல் விட்டிட்டீங்கள். அந்த இடம்தான் எனக்கு நல்ல விருப்பம். நாங்கள் அதை மனசுக்குள்ள வாசிக்கவேணும் எண்டுதானே விட்டனீங்கள்?"

என்ன பதில் சொல்வது? உண்மையைச் சொன்னேன். வெட்டி ஒட்டியது, ரவை, எல்லாம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "பரவாயில்லை சேர், எனக்கு அப்பிடித்தான் கேட்குது" என்றான்.

அவனுக்குப் பக்கத்துத் தெருவில் சபா இல்லை. அவன் அப்பாவுக்கு அந்தக் கேசட்தான் ஊர், அவனுக்கு அதுதான் கச்சேரி. ஸ்டுடியோவா மேடையா என்று நான் இங்கே எழுதிக்கொண்டிருக்கும்போது, யாருமே வாசிக்காத ஒரு வாசிப்பை அவன் வருஷக்கணக்காக சாதகம் செய்திருக்கிறான். இருபத்தேழு வருஷத்துக்குப் பிறகு நேற்று ராத்திரி அந்தக் கேசட்டை மறுபடி போட்டேன். அவன் சொல்வது சரி. அந்த இடம் நன்றாக இருக்கிறது. தொப்பியின் நாதம் மாறுவதுகூட நன்றாக இருக்கிறது. கதவு திறந்தது போல.

17 பிப்ரவரி

நேற்றுத் திருச்சி பக்கத்தில் ஒரு கோயில் மண்டபத்தில் கச்சேரி. ஐம்பது அறுபது பேர். பாடகர் தற்செயலாக அதே கிருதியை எடுத்தார். அனுபல்லவி முடிவு வந்ததும் அதை வைத்தேன். இரண்டு தரம், பிறகு கையை எடுத்தேன். எனக்குத் தாளம் விட்டுப் போச்சோ என்று பாடகர் சடக்கென்று திரும்பிப் பார்த்தார். எடுப்பில் கும்கி. அவர் சிரித்துக்கொண்டே பல்லவியைப் பிடித்தார். தூணோரம் ஒரு பெரியவர் சத்தமாக "அடடா" என்றார்.

முன்வரிசையில் ஒரு பெண் செல்போனில் பதிவு செய்துகொண்டிருந்தார். கேட்டு வாங்கி அந்தத் துண்டை மட்டும் பையனுக்கு அனுப்பினேன். இன்று காலை பதில் வந்தது: "கேசட்டில இருக்கிறதைவிடக் கும்கி ஒரு பொட்டுப் பிந்தி விழுது சேர்."

போட்டுப் பார்த்தேன். பிந்தித்தான் விழுகிறது. பாடகர் திரும்பினார் இல்லையா, அவர் முகம் பாட்டுப் பக்கம் போகட்டும் என்று அந்த ஒரு பொட்டு நான் நின்றிருக்கிறேன்.